பார்க்கிற வாய்க்கு ஒரு விள்ளல்

"ஒரு விள்ளல்தானே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண வீட்டில், சர்க்கரை வியாதிக்காரர் முன்னால் அல்வாத் தட்டை நீட்டிக்கொண்டு சொன்னாலும் சரி, வயிற்றுப்போக்கில் கிடக்கிற குழந்தை வாயில் சமூசாவைப் பிட்டுத் திணித்துக்கொண்டு சொன்னாலும் சரி. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. அடுத்தவர் வாயில் எதையாவது போட்டால்தான் தாங்கள் பாசமாக இருப்பதாக நினைப்பு. அந்த வயிற்றுக்கு அது ஆகுமா என்று கேட்டால் கேட்பவள் கஞ்சப் பிசினாறி. எனக்கு அந்தப் பெயர் எங்கள் கட்டடத்தின் நாலு மாடியிலும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தனை ஆத்திரமும் ஒரு சின்னப் பிராணியின் சாப்பாட்டுக்காக. உள்ளங்கையில் அடங்கும். சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே மடித்து வைத்த தோல். அதை விரித்துக்கொண்டு அலமாரி உச்சியிலிருந்து மிதந்து வந்து ஆள் தோளில் ஒட்டிக்கொள்ளும். வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற பொசம் இனத்தில் இது ஒரு சின்ன வகை. விற்கிறவர்கள் சுகர் கிளைடர் என்கிறார்கள். பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதாம், ஆகையால் சர்க்கரை தின்னத்தான் பிறந்திருக்கிறதாம். எங்கள் தெருவே கூடி இப்படி முடிவு கட்டிவிட்டது.

அது என் மகனுடையது. ஃபோனில் யாரிடமோ பார்த்துப் பேசி, ஒரு நாள் சட்டைக்குள் துணிப்பையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தான். பர்மாவில், லான்மடாப் பேட்டையில் எங்கள் வீடு நான்காம் மாடி. கீழே தெருவில் என் கணவருக்குக் கயிறு, பூட்டு, ஆணி விற்கிற கடை. தான் தின்ற தட்டைக் கழுவத் தெரியாத பிள்ளை, இதற்குத் தட்டு வைக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. வெந்த முட்டையில் நகக்கண் அளவு. பப்பாளி, துருவிய காரட், கொஞ்சம் கீரை. பறவை விற்கிறவரிடம் வாங்கிய மாவுப்புழு. எல்லாவற்றுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூள் ஒரு சிட்டிகை. அந்தத் தூள் இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். அதன் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும், முதலில் பின்னங்கால் போகும் என்றான். இனிப்பும் பாலும் எண்ணெய்ப் பண்டமும் பழகிவிட்டால் நல்லதைத் தொடாது, அதுதான் ஆபத்து என்றான். எனக்கு அன்றைக்கே புரிந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பிறகு அவன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்று ஆனது. எங்கள் கட்டடத்தில் பையன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என் பிள்ளையும் ஒரு தோள்பையோடு தாய்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் என்னால் காட்ட முடியாது, உங்களாலும் முடியாது. அதை விடுங்கள்.

போகிற அன்று காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் என்னிடம் சொன்னான். "உம்மா, யாரு குடுத்தாலும் இது வாங்கித் தின்னும். வேண்டாம்னு சொல்ல அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும், நோ." பர்மியரோடு பேசிப் பேசி எங்கள் பிள்ளைகளின் தமிழில் இந்த 'நோ' ஒட்டிக்கொண்டது. கெஞ்சலாக ஒரு வாக்குக் கேட்கிற சொல் அது. சரி என்று தலையாட்டினேன். நிலைமை சரியானதும் வந்துவிடுவேன் என்றான். அவன் திரும்பிப் படியேறி வரும் நாளில் அது அலமாரி மேலிருந்து அவன் தோளில் பாய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு எதையும் அவனுக்காக என்னால் பத்திரப்படுத்தி வைக்க முடியாது என்று தோன்றியது.

முதல் சண்டை புழுவில் தொடங்கியது. என் கணவரின் மூத்த சகோதரி எங்களோடு இருக்கிறார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, என் மகனைத் தூக்கி வளர்த்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் லாத்தா. மகன் தன் அறையில் வைத்துக்கொண்டிருந்த புழு டப்பாவை ஃபிரிஜ்ஜில் குர்பான் கறிக்குப் பக்கத்தில் பார்த்ததும் லாத்தாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஹராமான பூச்சியைத் தொழுகை நடக்கிற வீட்டில் வைக்கலாமா என்றார். நீங்களா தின்னப் போகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் வளர்கிற உயிர் வீட்டு ஆள்தானே, வீட்டு ஆளுக்கு ஹராமைக் கொடுத்தால் வீட்டுக்குத்தான் பாவம் என்றார். பூனை எலி தின்கிறதே என்றால், பூனை வெளியே போய்த் தின்கிறது என்கிறார். இந்த வாதத்துக்கு உலகத்தில் எந்த வக்கீலிடம் பதில் இருக்கும்?

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கரண்ட் போய் ஃபிரிஜ் வெதுவெதுப்பானால் தூங்குகிற புழுவெல்லாம் விழித்து ஊர ஆரம்பித்துவிடும். கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். ஒரு நாள் தயிர்க் கிண்ணத்தின் மூடி மேல் இரண்டு புழு உலாவப் போயிருந்தன. அதோடு டப்பா பால்கனிக்குப் போனது. லாத்தா ஃபிரிஜ்ஜை மூன்று தடவை கழுவி, கலிமாச் சொல்லி மூடினார்.

கீழ் மாடியில் ஒரு பர்மிய அம்மா இருக்கிறார். நல்ல மனுஷி. இது பூச்சி தின்னும் என்று எப்படியோ கேள்விப்பட்டு, கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் ஒரு பொட்டலம் வெட்டுக்கிளிப் பொரியல் வாங்கி வந்தார். எண்ணெயில் முறுகப் பொரித்து, உப்பும் பூண்டும் போட்டுப் பிரட்டியது. இதற்குக் கொடுக்கக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் காலைப் பிய்த்துக் கம்பிக்குள் நீட்டிவிட்டார். அதுவும் வாங்கிக்கொண்டது. பார்த்தாயா, எவ்வளவு ஆசை என்று அவர் பூரித்துப்போனார். மறு நாள் டப்பாப்பாலில் விரலை முக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றுபோனது. பிறகு படியில் பார்த்தாலும் பேசுவதில்லை.

இதெல்லாம் சில்லறை. உண்மையான வினை அதன் கண்ணில் இருந்தது.

இருட்டில் வாழ்கிற பிராணி. முகத்தில் பாதி கண்தான், கறுகறுவென்று, இமைக்காமல். பகலெல்லாம் பையில் சுருண்டு தூங்கும். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு விழித்துக் கூண்டின் முன்பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் கடையடைத்து, தொழுதுவிட்டு, எல்லோரும் தேநீரும் பலகாரமுமாக உட்காருகிற நேரமும் அதுதான். நாம் வாய்க்குக் கொண்டுபோகிற ஒவ்வொன்றையும் அது பார்க்கும். வேறு எதையும் அது பார்க்காது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பவர்கள் நாங்கள். பார்க்கிற வாய்க்கு ஒரு விள்ளல் போடாமல் தின்றால் தின்றது செரிக்காது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வேலைக்காரி நின்றால் அவளுக்கு ஒரு விள்ளல். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் நின்றால் அவருக்கு ஒன்று. மனிதருக்குச் செய்கிறவரை நல்ல பழக்கம்தான். ஒரு நாள் லாத்தா அதன் எதிரில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் மொஹிங்கா குடித்துவிட்டு, அதற்கு மேல் வடையும் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மீன் சாற்றில் இரண்டு கிண்ணமும் நாலு வடையும் யாருக்குத்தான் செரிக்கும்? அவருக்கு அது தெரியவில்லை. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடச் சொன்னார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கமறவில்லை. ஆகக் கண்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்றிலிருந்து அதற்கு எல்லாம் கிடைத்தது. பிஸ்கட் முனை, கேக் துணுக்கு, ரொட்டியில் தடவின ஜாம், வாழைப்பூ வடையின் மொறுமொறு ஓரம். நான் சமையற்கட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூண்டுக்குள் ஏதாவது விழுந்திருக்கும். யார் என்று கேட்டால் ஒரு விள்ளல்தானே என்பார்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்கள் ஆளுக்கொரு விள்ளல் போட்டால் அதற்கு இருப்பது வயிறா, சாக்கா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று இதே லாத்தாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பங்கு பிரிக்கிற நாளில் மட்டும் நினைவுக்கு வருகிற பழமொழி போலிருக்கிறது.

நோன்பு மாசம் வந்தபோது காரியம் கைமீறிப் போனது. பகல் முழுதும் வாயில் எதுவும் படாமல் கிடந்து, பாங்கு சொன்னதும் எழுந்து வந்து காத்திருக்கிறது. லாத்தா அதைப் பார்த்துக் கண் கலங்கினார். "இதுவும் நம்மள மாதிரி நோன்பாளிதான் புள்ளே" என்றார். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பது எவ்வளவு பெரிய நன்மை. அந்த நன்மையைக் கூண்டுக்குள் கைவிட்டு அள்ளிக்கொள்ளலாம் என்றால் விடுவாரா? முதல் பேரீச்சம்பழத்தைக் கிள்ளி அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் வைத்தார். நோன்புக் கஞ்சி ஒரு கரண்டி, பலூடாவில் கொஞ்சம். நான் கத்தினால், நோன்போடு கத்தாதே, நோன்பு முறிந்துவிடும் என்கிறார். அந்த மாசம் நான் பிடித்த நோன்பில் எத்தனை முறிந்தது என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும்.

பெருநாள் முடிந்து பார்த்தால் அது உருண்டையாக இருந்தது. எல்லோரும் கன்னம் தொட்டுக் கொஞ்சினார்கள். பையன் போன பிறகு நல்லா தேறிட்டுது என்று எனக்கே வந்து சொன்னார்கள். நான் வைத்த தட்டில் முட்டை அப்படியே காய்ந்தது. தூள் தூவின புழுவை எடுத்து முகர்ந்து கீழே போட்டது. பப்பாளியைத் தொடவேயில்லை. என் மகன் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நான் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூண்டைத் தூக்கிப் படுக்கையறைக்குள் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் பழைய கைலி ஒன்றால் மூடினேன். பிரேதத்தை மூடுவது மாதிரி மூடுகிறாளே என்று லாத்தா அங்கலாய்த்தார். இப்போது உங்களை அது பார்க்காது, நீங்கள் நிம்மதியாகத் தின்னலாம், இனி ஒரு பருக்கை அதற்குப் போனால் நான் இந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்றேன். என் கணவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். கடையில் ஒரு பூட்டுக்கு விலை சொல்வதற்கே யோசிக்கிற ஆள். மகன் போன பிறகு பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. லாத்தா கோபத்தோடு சரி என்றார். நானும் நம்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, திரைச்சீலைக் கம்பியில் ஏறியிருந்தது. நான் தோளைக் காட்டிக் கூப்பிட்டேன். தோலை விரித்துப் பாய்ந்தது. பாய்ச்சலில் வேகமே இல்லை. என் தோளுக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்து, தரையில் முன்னங்காலால் தன்னை இழுத்துக்கொண்டு என் காலடிக்கு வந்தது. பின்னங்கால் இரண்டும் பின்னால் இழுபட்டன. எடுத்துக் கையில் வைத்தால் உடம்பு நடுங்குகிறது. வலிக்கிறது என்று கத்தக்கூட இல்லை. என் விரலை நக்கியது, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.

மறு நாள் மிருக வைத்தியரிடம் துணிப்பையில் கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். காலை அழுத்திப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, என்ன தின்கிறது என்று பர்மியில் கேட்டார். நான் என் தட்டைச் சொன்னேன், தூளைச் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அம்மா சொல்வது சரியான சாப்பாடு, ஆனால் இது அதைத் தின்று வளர்ந்த உடம்பு இல்லை என்றார். சுண்ணாம்பு இல்லாமல் எலும்பு மெலிந்துவிட்டது. இனிப்பும் மாவும் தின்று வயிறு நிறைந்தால் எந்தத் தூளைத் தூவியும் பிரயோசனம் இல்லை, தட்டில் தூவியது தட்டிலேதான் இருக்கும் என்றார். ஊசி போட்டார். சொட்டுச் சொட்டாகக் கொடுக்க மருந்து தந்தார். ஏற விடாதீர்கள், சின்னப் பெட்டியில் வையுங்கள், கால் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். வீட்டில் வேறு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். வெட்கத்தில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்ததற்கும் சேர்த்து எனக்கு வீட்டார்மேல் ஆத்திரம் வந்தது.

படி ஏறியதும் லாத்தாவிடம்தான் போனேன். கைலி போட்டு மூடிய பிறகும் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். அவர் தஸ்பீஹ் மணிமாலையை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அல்லா மேல ஆணையாச் சொல்றேன், நீ மூடின நாள்லேர்ந்து நா அந்த அறைக்குள்ளயே போகல." நான் நம்பவில்லை. எத்தனை வருஷமாக அவர் கையைப் பார்க்கிறேன். கொடுக்காமல் இருக்கத் தெரியாத கை அது. பிள்ளை பெற்றுப் பிரிந்திருந்தால்தான் உங்களுக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. நல்லவேளை, அதை விழுங்கிவிட்டேன். மற்றதெல்லாம் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. சோற்றை வைப்பேன், தின்பார். தட்டை எடுப்பேன். தேவைக்கு என் கணவர் வழியாகப் பேச்சுப் போகும். அவரோ இரண்டு பக்கமும் சொல்வதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் மகன் வீடியோவில் கூப்பிடுவான். லைன் கிடைத்தால் கிடைக்கும். முகம் வந்ததும் ஒரே கேள்வி, பாயுதா? தூங்குகிறது என்று பையைக் காட்டுவேன். பைக்குள் ஒரு உருண்டை தெரியும். சரி, எழுப்பாதீங்க என்பான். மெலிந்துபோயிருந்தான். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டால் சாப்பிட்டேன் என்பதுதான் பதில். என்ன என்பதற்குப் பதில் வராது.

பெட்டிக்குள் கிடந்தும், மருந்து கொடுத்தும், அது முட்டையைத் தொட மறுத்தது. பட்டினி கிடந்தால் தின்றுவிடும் என்று வைத்தியர் சொன்னாரே, இது பட்டினியாகவே இல்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மாலை மஃரிப் தொழுதுவிட்டு, மருந்துக் குப்பியை எடுக்க மறந்துவிட்டோமே என்று படுக்கையறைக் கதவைத் தள்ளினேன்.

என் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலிலிருந்து வந்து சட்டை மாற்றுகிறேன் என்று தினமும் இந்த நேரத்தில்தான் அறைக்குள் போவார். மூடியிருந்த கைலியை மடித்து ஓரமாக வைத்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம். தெரு முனையில் கல்லில் போட்டு எடுக்கிற, பலாட்டா என்று இங்கே சொல்கிற பரோட்டா, மேலே சர்க்கரை தூவியது. அதைப் பிய்த்து, சர்க்கரை இருக்கிற பக்கமாகத் திருப்பி, பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வாங்கித் தின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் பக்கவாட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பாவும் பிள்ளையும் அந்தக் கடையில்தான் சர்க்கரை பலாட்டா தின்பார்கள். பிள்ளை நடக்கப் பழகிய நாளிலிருந்து தின்றார்கள்.

டாக்டர் சொன்ன பிறகுமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்ததைக் கீழே போடவில்லை. ஒரு விள்ளல்தான் கொடுத்தேன் என்றார் கடைசியில். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அவன் அங்க பசியோட படுக்குறானான்னு தெரியல. இது பசிச்சுப் பாக்குது. இது கண்ணு முன்னால நா எப்படி சும்மா இருக்குறது?"

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். எனக்கு வந்தது வெறி. பிள்ளைக்குக் கொடுக்க முடியாததை இதற்குக் கொடுத்து உங்கள் மனசை ஆற்றிக்கொண்டீர்கள், உங்கள் மனசு ஆறுவதற்கு இதன் கால்தான் கிடைத்ததா என்று கேட்டேன். அவன் நம்மிடம் விட்டுப்போனது இது ஒன்றுதான், அதையும் முடமாக்கினீர்கள் என்றேன். உங்களுக்கு மட்டும்தான் பிள்ளையா, பாசத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு தினமும் காரட் துருவினேனே, எனக்கு அவன் யார் என்றேன். பலாட்டாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். கீழே யார் தலையில் விழுந்ததோ தெரியாது. லாத்தா வாசலில் வந்து நின்றார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கைலி போட்டு மூடுவதற்கு முன்னால் கொடுத்ததெல்லாம் காற்றிலா போயிற்று?

"இனி நா மறைக்க மாட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். "அவன் கூப்பிடும்போது நீங்களே சொல்லுங்க."

அந்த வெள்ளிக்கிழமை லைன் நன்றாகக் கிடைத்தது. ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நோன்பு மாசத்தைச் சொன்னார், வைத்தியர் சொன்னதைச் சொன்னார், பலாட்டாவைச் சொன்னார். உன் உம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். பெட்டியைத் திறந்து ஃபோனை அதன் பக்கம் திருப்பினார். அது வெளிச்சத்தைப் பார்த்து, முன்னங்காலால் இழுத்துக்கொண்டு ஃபோன் பக்கமாக வந்தது.

நான் காத்திருந்தேன். அவன் கத்த வேண்டும், அழ வேண்டும். என் பங்குக்கு நான் பட்ட ஆத்திரத்தில் பாதியையாவது அவன் தன் வாப்பாமேல் கொட்ட வேண்டும். திரையில் அவன் முகம் அசையவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அறவில்லை.

"யபாதெ, வாப்பா" என்றான். பரவாயில்லை என்பதைப் பர்மியில் சொன்னான். வாப்பாவின் முகத்தைப் பார்த்து, அவரைத் தேற்றுவதற்காக, கூடவே இதையும் சொன்னான். "நா வர்றப்போ எப்படியும் அது உயிரோட இருக்காதே. நீங்க கவலைப்படாதீங்க."

சாதாரணமாகச் சொன்னான். கடை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று சொல்வதைப் போலச் சொன்னான். எப்போதோ முடிவு செய்து, பழகிப்போன குரல். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாயுதா என்று கேட்டது எங்களுக்காகக் கேட்டது.

என் கணவர் ஃபோனைப் பிடித்தபடியே இருந்தார். நான் அதைப் பிடுங்கினேன்.

"என்னா சொன்னே? ஒழுங்காத் தின்னா இது பத்து வருஷம் இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கும். அதுக்குள்ள நீ வர்றே. கேக்குதா? வர்றே."

அவன் சிரித்துக்கொண்டு, "வர்றேம்மா" என்றான்.

பொய். அவன் பொய் சொல்லும்போது எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியாதா? லைன் அறும்வரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.